அன்புக்கு 98 மதிப்பெண்

எங்கள் கம்பெனியைப் பெரிய நிறுவனம் வாங்கிய அன்று எல்லோருக்கும் ஒரு கடிதம் வந்தது. அதில் "எதுவும் மாறாது" என்ற வாக்கியம் ஒன்பது இடங்களில் இருந்தது. எண்ணிப் பார்ப்பது என் தொழில். கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் குறை கண்டுபிடித்து பதினேழு வருடமாகப் பிழைக்கிறவள் நான். எங்கள் தொழிலில் பிழைக்குப் பூச்சி என்று பெயர், அதனால் அலுவலகத்தில் நான் பூச்சியக்கா. ஒரு விஷயத்தை ஒரு தடவை சொன்னால் அது தகவல். ஒன்பது தடவை சொன்னால் உள்ளே பூச்சி இருக்கிறது.

மறுநாள் பழைய முதலாளி எங்களைக் கூட்டி வைத்து, "நான் எங்கயும் போகல, இதே ரூம்லதான் இருக்கப் போறேன்" என்றார். அதற்கடுத்த நாள் அந்த அறையில் ஜெராக்ஸ் மெஷின் இருந்தது.

எனக்கு முதலாளியைப் பற்றிக் கவலையில்லை. என் கவலை 'மறுகரை'யைப் பற்றி.

'மறுகரை' எங்கள் கம்பெனியின் முதல் விளையாட்டு. வயது இருபத்திரண்டு. ஒரு ஆறு, இரண்டு கரை, கரைக்கு ஒரு சின்ன ஊர். அதில் யாரையும் சுட வேண்டாம், ஓடிப்போய் எதையும் பொறுக்க வேண்டாம், ஜெயிக்கவும் ஒன்றுமில்லை. எந்த மூலையில் இருந்தாலும் உள்ளே வந்து ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு அந்த ஊர்க்காரராக இருக்கலாம். ரொட்டி சுடலாம், தபால் கொடுக்கலாம். பலர் பதினைந்து வருடமாக அங்கேயே குடியிருக்கிறார்கள்.

என் அப்பா அதில் படகோட்டி. வெளியே முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழம்பிப்போனது. நினைக்கிற சொல் ஒன்று, வாயில் வருகிற சொல் இன்னொன்று. தண்ணீர் வேண்டும் என்றால் "சாவி" என்பார். என்னைக் கூப்பிட வேண்டுமென்றாலும் "சாவி" என்பார். இடது கையையாவது காப்பாற்ற வேண்டும் என்று பிசியோதெரபி அம்மா ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் நூறு தடவை அமுக்கச் சொன்னார். அப்பா ஒரு தடவை அமுக்கினார். பிறகு ஜன்னல் வழியாக எறிந்துவிட்டார். அடுத்த வாரம் நான் அந்தக் கையில் 'மறுகரை' விளையாடும் கன்ட்ரோலரை வைத்தேன்.

அன்றிலிருந்து தினமும் மூன்று ஐம்பதுக்கு அவர் படகுத்துறையில் இருப்பார். சரியாக நான்கு மணிக்குப் படகு கிளம்பும். ஒரு நிமிடம் முந்தாது, பிந்தாது. அக்கரை போய்ச் சேரப் பன்னிரண்டு நிமிடம். தினமும் வருகிற பயணிகள் பதினோரு பேர். வெறுங்கால் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர், இன்னொரு டாக்டர் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர், ஒரு ஆட்டைப் பிடித்துக்கொண்டு வருகிற ஆட்டுக்காரம்மா. அந்த ஆடு படகில் கால் பதிக்காமல் ஒரு விரற்கடை மேலே நிற்கும். பதினான்கு வருடத்துக்கு முன் நான்தான் அதைப் பிழை என்று எழுதிக் கொடுத்தேன். சரிசெய்யாதீர்கள் என்று அறுநூறு பேர் கெஞ்சிக் கடிதம் போட்டார்கள். விட்டுவிட்டோம்.

நான்கு மணி என்று ஒன்று இருப்பதால் அப்பா காலையில் எழுந்திருப்பார், குளிப்பார், சாப்பிடுவார். நான் காலை ஆறு மணி வேலைக்குப் போய் மூன்று மணிக்கு வீடு திரும்புகிறவள். அதுவரை பக்கத்து வீட்டு டீச்சர், ஓய்வு பெற்றவர், வந்து பார்த்துக்கொள்வார். இந்த ஏற்பாடு முழுவதும் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தின்மேல் நின்றுகொண்டிருந்தது. 'மறுகரை'யை மூடினால் என் வீட்டில் நான்கு மணி இருக்காது. அந்தப் பயம்தான் எனக்கு.

இரண்டாவது வாரம் பெரிய நிறுவனத்திலிருந்து பாரம்பரிய அதிகாரி வந்தார். பழைய விளையாட்டுகளைக் காப்பதற்கென்றே அங்கே பாரம்பரியத் துறை என்று ஒரு துறை. அதிகாரி இரண்டு கைக்கும் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். எதைத் தொடுவதற்கு என்று புரியவில்லை. எங்கள் பொருள் எல்லாமே கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது.

"சார், நீங்க எந்தக் கேம் விளையாடுவீங்க?" என்று கேட்டேன். பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"நான் விளையாடறதில்லைம்மா. எங்க துறையில யாருமே விளையாடக் கூடாது. விளையாடினா பிடிச்சுப்போகும். பிடிச்சுப்போனா நடுநிலை போயிடும்."

"அப்ப எது நல்ல கேம்னு எப்படி சார் தெரியும்?"

"அதுக்குத்தான் படிவம் இருக்கே."

பிறகு அவர் எங்கள் எல்லோருக்கும் முன்னால் நின்று பேசினார். "பெருமதிப்புக்குரிய சக ஊழியர்களே, இன்றைய தேதியில் முந்நூற்று நாற்பது புகழ்பெற்ற விளையாட்டுகள் எங்கள் பொறுப்பில் உள்ளன. அவற்றில் ஒன்றில்கூட ஒரு கீறல் விழுந்ததில்லை. ஒரு புகார் வந்ததில்லை. ஏனெனில் அவற்றில் ஒன்றையும் நாங்கள் திறப்பதில்லை. மக்கள் மெய்யாகவே நேசிக்கிற விளையாட்டு என்று சான்று பெறுபவை எதுவோ, அதற்கு முழுப் பாதுகாப்பு வழங்கப்படும்."

நடுவில் ஒரு வாக்கியம் இருக்கிறது பாருங்கள், "ஒன்றையும் நாங்கள் திறப்பதில்லை" என்று. பதினேழு வருடம் பூச்சி பிடித்தவள் அதைப் பிடித்திருக்க வேண்டும். நான் "முழுப் பாதுகாப்பு" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூட்டம் முடிந்ததும் முதல் ஆளாக ஓடிப்போய் அன்புச் சான்று விண்ணப்பம் வேண்டும் என்று கேட்டதும் நானேதான்.

விண்ணப்பம் நாற்பத்து நான்கு பக்கம். அன்பு மூன்று வகை என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது: சாதாரணமானது, ஆழமானது, மருத்துவ உதவி தேவைப்படுவது. வகைக்கேற்ப ஆதாரம் இணைக்க வேண்டும். நினைத்து அழுத தேதிகள். அழுத நேரம். அழும்போது அருகில் இருந்த இருவரின் கையெழுத்து. ரொட்டி சுடுகிறவர் ஒருவர் மதிப்பீட்டாளர்கள் முன் மனம் விட்டு அழுதார், பாவம். அந்நேரம் ஒரு சாட்சி கைகழுவப் போயிருந்ததால் மறுபடி ஒருமுறை அழச் சொன்னார்கள். அழுதார்.

படகுப் பயணிகள் பதினோரு பேரையும் வீடியோவில் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஆட்டுக்காரம்மா உண்மையில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவர். வேலை உடுப்போடே வந்து உட்கார்ந்தார்.

"அந்த ஆட்டின் மேல் உங்களுக்கு இருக்கும் பற்று, ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு?" என்றார் அதிகாரி.

"ஆடு என்னோடது இல்ல சார். நான் வந்த முதல் நாள் யாரோ ஒருத்தர், கொஞ்சம் பிடிச்சுக்கங்க, வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனாரு. இன்னும் வரல."

"எத்தனை நாளாச்சு?"

"பன்னெண்டு வருஷம் ஆகுது."

அதிகாரி கையுறையோடு பேனாவைப் பிடித்து, பத்து என்று எழுதிக்கொண்டார். சிரிக்கவில்லை. அவர்கள் யாருமே சிரிப்பதில்லை.

கடைசியாக அப்பாவைப் பார்க்க எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். அதிகாரியும் இரண்டு சாட்சிகளும் கட்டிலைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். டீச்சர் டீ கொண்டுவந்து வைத்தார். கையுறை கறைபடும் என்று அதிகாரி குடிக்கவில்லை. அப்பா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். இவர்கள் எப்போது போவார்கள் என்று கேட்கிறார், எனக்குப் புரிந்தது. "சாவி" என்றார்.

"சாவி என்கிறார்," என்று ஒரு சாட்சி எழுதிக்கொண்டார்.

"இந்தக் கேம் நின்னுபோச்சுன்னா ஐயா என்ன ஆவாரும்மா?" என்று அதிகாரி என்னிடம் கேட்டார்.

பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லை என்று நினைத்தேன். "எழுந்திருக்க மாட்டார் சார். சாப்பிட மாட்டார். கை போயிடும்."

அவர் முகம் மலர்ந்தது. "எழுந்திருக்க மாட்டார். நல்லாருக்கு. இதை அப்படியே எழுத்துல கொடுத்துடுங்க, இதுக்கு நல்ல மதிப்பெண் உண்டு."

எழுத்தில் கொடுத்தேன். என் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மாதக் கடைசியில் முடிவு வந்தது. 'மறுகரை'க்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. பாரம்பரியத் துறையின் வரலாற்றிலேயே அதுதான் உச்சம். ஆடு தரையில் நிற்காததால் இரண்டு மதிப்பெண் குறைத்திருந்தார்கள். பட்டியலின் அடியில் எங்களுடைய இன்னொரு விளையாட்டு, 'நறுக் நறுக்', மூன்று மதிப்பெண்ணோடு கிடந்தது.

'நறுக் நறுக்' பற்றிச் சொல்ல வேண்டும். அது எங்கள் குடும்பத்தின் அவமானம். ஏழு வருடத்துக்கு முன் யாரோ அவசரமாகக் கேட்டார்கள் என்று ஆறே வாரத்தில் செய்தது. சமையல் மேடை, ஒரு வெட்டுப்பலகை, ஒரு கத்தி. காய் வரும், நறுக்க வேண்டும். அவ்வளவுதான். கத்தி பாதி நேரம் காயில் படாது. நான் அதில் நானூற்றுப் பதினெட்டு பிழை எழுதிக் கொடுத்தேன். நானூற்றுப் பன்னிரண்டாவது இது: பூசணிக்காயைப் பலகையின் இடது மூலைக்குத் தள்ளினால் மேடைக்குள் விழுந்து காணாமல் போகிறது, தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்கிறது. அத்தனைக்கும் ஒரே பதில்தான் வந்தது. "முக்கியமில்லை."

முடிவைக் கேட்டதும் கூடத்தில் நாங்கள் கைதட்டினோம். ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டோம். நான் வீட்டுக்குப் போன் செய்து, "அப்பாகிட்ட சொல்லுங்க டீச்சர், பிரச்சினை தீர்ந்துச்சு" என்றேன். அதற்குள் அதிகாரி மேடையேறிவிட்டார்.

"தொண்ணூற்றெட்டு என்பது சாதாரணமான அன்பு அன்று," என்றார். "இத்தனை பேர் உயிரையே வைத்திருக்கும் ஒரு பொருளைக் கண்டவர் கையும் படும்படி விட்டு வைப்பது எங்கள் மனச்சாட்சிக்கு ஒவ்வாது. ஆகவே வரும் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு 'மறுகரை' நிறுத்தப்பட்டு, நிரந்தரமாகப் பெட்டகத்தில் வைக்கப்படும். இனி அதை யாராலும் கெடுக்க முடியாது."

கைதட்டிக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் நிறுத்த மறந்து தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

நான் அவர் பின்னாலேயே காரிடாரில் ஓடினேன். "சார், காப்பாத்தறோம்னுதானே சொன்னீங்க?"

"அதைத்தானேம்மா பண்றோம். ஓடிக்கிட்டிருக்கிற ஒண்ணை எப்படிக் காப்பாத்தறது? ஓடினா தேயும். நாளைக்கே புதுசா ஒருத்தர் வந்து, எனக்குப் பிடிக்கலன்னு சொல்லிட்டா? தொண்ணூத்தெட்டு தொண்ணூத்தேழு ஆயிடும். அந்த ஆபத்தை யாரு ஏத்துக்கறது?"

"அப்ப 'நறுக் நறுக்'?"

"அது ஓடட்டும். அதும்மேலதான் யாருக்கும் பிரியம் இல்லையே. அதுக்கு ஒரு ஆபத்தும் வராது."

அவர் விளக்கியபோது அது அறிவுக்குப் பொருந்தியதுபோலவே இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"சரி சார். நாலு மணிக்குப் பதிலா நாலு பன்னெண்டுக்கு நிறுத்துங்க. அது போதும். அப்பா படகு நாலுக்குக் கிளம்பும். அக்கரை சேர்ந்துடட்டும்."

அவர் உண்மையிலேயே யோசித்தார். நேர மாற்றத்துக்குத் தனி விண்ணப்பம் இருப்பதாகவும், அது முடிவாக நாற்பது வேலைநாள் ஆகும் என்றும், தன் சொந்த முயற்சியில் அதை முப்பத்தெட்டாகக் குறைத்துத் தர முடியும் என்றும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை விழாவுக்கு எல்லோரும் கட்டாயம் வர வேண்டும் என்று உத்தரவு. பெரிய கூடத்தின் சுவர் முழுவதும் 'மறுகரை' தெரியும்படி திரை கட்டியிருந்தார்கள். மூன்று ஐம்பதுக்கு அப்பாவின் படகு துறைக்கு வந்தது. பதினோரு பேரும் ஏறினார்கள். ஆடும் ஏறியது. அப்பாவுக்கு நான் வாரம் முழுக்கச் சொல்லியிருந்தேன்: இன்னைக்கு ஒரு நாள் மட்டும் மூணே முக்காலுக்கே கிளம்பிடுங்கப்பா. அவர் கேட்கவில்லை. முப்பது வருடத்தில் ஒரு வண்டியையும் நேரத்துக்கு முன் எடுக்காதவர், இதற்கா எடுப்பார். அதிகாரியின் உரை ஒன்றரை நிமிடம் நீண்டுவிட்டதால் படகு கிளம்பி, துறையைத் தாண்டி, ஆற்றில் கொஞ்ச தூரம் போனது. அந்த ஒன்றரை நிமிடத்துக்கு நான் அவருக்கு இன்றும் நன்றியுடையவள். பிறகு வெள்ளைக் கையுறை ஒரு பட்டனை அழுத்தியது. ஆறு நின்றது. ஒரு விநாடி கழித்து சுவர் வெறும் சுவராகிவிட்டது.

வீட்டுக்குப் போனபோது அப்பா கன்ட்ரோலரைப் பிடித்தபடியே இருந்தார். "கையிலிருந்து வாங்க முடியலம்மா," என்றார் டீச்சர். "விரலைப் பிரிக்க விடமாட்டேங்கறார்."

அதற்குப் பிறகு பத்து நாள் நாலு மணிக்கு அணைந்த திரை முன் உட்கார்ந்தார். நாலு பன்னிரண்டு வரை அசையமாட்டார். பதினோராவது நாள் காலையில் எழுந்திருக்கவில்லை. எழுப்பினேன், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பாட்டை வாய்க்குக் கொண்டுபோனால் உதட்டை மூடிக்கொண்டார்; ஸ்பூனில் ஊட்டிய கஞ்சித் தண்ணீர்தான் கொஞ்சம் இறங்கியது. பிசியோதெரபி அம்மா வந்து இடது கை விரல்களை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "விறைக்க ஆரம்பிச்சிருக்கு" என்றார். நான் எழுத்தில் கொடுத்தது ஒவ்வொன்றாக நடந்துகொண்டிருந்தது.

அந்த வாரம் பெரிய நிறுவனத்திலிருந்து ஒரு பரிசுப் பெட்டி வந்தது. மிக விசுவாசமான ரசிகருக்காம். உள்ளே கண்ணாடிப் பேழைக்குள் ஒரு சின்னப் படகு. அடியில் எழுதியிருந்தது: திறந்தால் மதிப்பு போய்விடும். 'மறுகரை' பல் பிரஷ்ஷும் 'மறுகரை' தலையணை உறையும்கூடக் கடைகளுக்கு வந்திருந்தன. பெயர் மட்டும் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குத் தேய்மானம் கிடையாது போலிருக்கிறது.

பேழையைத் தூக்கிக்கொண்டு நேராக ரிப்பேர் அண்ணனிடம் போனேன். அவர் விளையாட்டுகள் ஓடுகிற சர்வர் அறைக்காரர். எங்கள் கம்பெனியில் எது உடைந்தாலும் ஒட்டுகிறவர்; பேசினால் காசு கேட்பார்களோ என்பது போலத்தான் பேசுவார்.

"அண்ணே, உடைச்சிருவேன் இதை," என்றேன்.

அவர் பேழையை வாங்கி ஓரமாக வைத்தார். எதிரே உட்காரச் சொன்னார். அப்பாவைப் பற்றி எல்லாம் சொன்னேன், அழுதேன். சாட்சி யாரும் இல்லாததால் அது கணக்கில் வராது. அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, "நானூத்திப் பன்னெண்டு ஞாபகம் இருக்கா?" என்றார்.

"பூசணிக்காயா?"

"விழுந்தா தண்ணிச் சத்தம் கேக்குதுன்னு எழுதியிருந்தீங்கல்ல. கேக்காம என்ன செய்யும்? கீழ ஆறு இருக்கு."

எனக்குப் புரியவில்லை.

"ஆறு வாரத்துல ஒரு கேமைப் புதுசாவா பண்ண முடியும்? 'மறுகரை'யைப் பிரதி எடுத்து அதும்மேல சமையல் மேடையைப் போட்டு மூடினோம். கழட்ட நேரமில்ல. அந்த ஆறு, கரை எல்லாம் அப்படியே மேடைக்கு அடியில கெடக்கு. ஏழு வருஷமா ஓடிக்கிட்டுதான் இருக்கு. 'நறுக் நறுக்'கை எவன் திறந்து பாக்கப் போறான்?"

அந்த ஆற்றைத் திறந்துவிட அவருக்கு ஒன்றரை வாரம் பிடித்தது. ஆறும் கரையும் இருந்தன. ஆளும் படகும் இல்லை. அது காய் நறுக்குகிற விளையாட்டு, காய்தான் இருந்தது. அதனால் பதினோரு பேருக்கும் நான் ரகசியமாகத் தகவல் அனுப்பியபோது இப்படித்தான் எழுத வேண்டியிருந்தது: 'நறுக் நறுக்' விளையாட்டுக்குள் போங்கள். ஆளுக்கொரு காயாக வாருங்கள். பலகையின் இடது மூலைக்கு நகருங்கள். விழுவீர்கள், பயப்பட வேண்டாம்.

அப்பாவின் படகு இப்போது ஆற்றில் மிதக்கும் இன்னொரு வெட்டுப்பலகை. திரையைக் கட்டிலருகே இழுத்து வைத்து, முதல் நாள் மூன்று ஐம்பதுக்கு அதைக் காட்டினேன். திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வெள்ளரிக்காய் மேலிருந்து பொத்தென்று விழுந்து, எழுந்து, பலகையில் வந்து நின்றது. அது நடந்த நடையில் அது வெறுங்கால் என்று எனக்கே தெரிந்தது. பின்னாலேயே கேரட், கத்தரிக்காய், ஒரு முட்டைக்கோஸ். ஆட்டை மட்டும் கொண்டுவர முடியவில்லை. முட்டைக்கோஸ் ஒரு முள்ளங்கியைப் பிடித்துக்கொண்டு வந்தது. முள்ளங்கி பலகையைத் தொடாமல் ஒரு விரற்கடை மேலே நின்றது. அப்பா அதை வெகுநேரம் பார்த்தார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இரண்டு வருடத்துக்கு அப்புறம் அவர் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். பிறகு கையை நீட்டினார்.

நான்கு பன்னிரண்டுக்கு அக்கரை சேர்ந்தார்கள். அன்று இரவு சாப்பிட்டார்.

அடுத்து செய்ய வேண்டியது எனக்குத் தெளிவாக இருந்தது. இந்த விளையாட்டு யாருக்கும் பிடிக்காமல் இருக்க வேண்டும். பிடித்துவிட்டது என்று மேலே தெரிந்தால் காப்பாற்ற வந்துவிடுவார்கள். எனவே பயணிகள் எல்லோரும் தினமும் இறங்கியதும் ஒரு புகார் எழுத வேண்டும் என்று விதி வைத்தேன். அப்பாவுக்காக நான் எழுதினேன். முட்டைக்கோஸுக்கு நிழல் இல்லை. கேரட் தண்ணீரில் நனைவதில்லை. பொய் ஒன்றுகூட இல்லை. அந்த விளையாட்டில் ஆயுசுக்கும் எழுதக் குறை இருக்கிறது. பதினேழு வருடத்தில் நான் இல்லாத பிழையை எழுதியதில்லை, அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு.

மூன்று மாதம் ஓடியது. நான்காவது மாதம் அதிகாரி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"'நறுக் நறுக்'குக்கு மாசத்துல மூணு பேர் வந்துக்கிட்டிருந்தாங்க. இப்ப தினமும் பன்னெண்டு பேர் வர்றாங்க. பன்னெண்டு பேரும் நாலு மணிக்கு வர்றாங்க. பன்னெண்டு பேரும் திட்டறாங்க. பிடிக்கலன்னா ஏன்மா தினமும் வரணும்?"

"வீட்ல ஒருத்தர்மேல கோவம்னா தினமும் அவங்ககிட்டயேதானே சார் சண்டை போடறோம்."

"அது சரிதான்," என்றார். வீட்டு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆனால் கையுறைக்காரர் கையுறைக்காரர்தான். "இருந்தாலும் ஒரு தடவை நேரடியா கேட்டுடுவோம். வியாழக்கிழமை பன்னெண்டு பேர் திரையிலயும் ஒரு கேள்வி வரும். அவங்கவங்க சொந்த வார்த்தையில பதில் எழுதட்டும். ஒருத்தர் நல்லதா ஒரு வரி எழுதினாலும் போதும், படிவத்தை ஆரம்பிச்சிடலாம்."

பதினோரு பேருக்கும் சொல்லி வைத்தேன். அப்பாவுக்குச் சொல்லத் தோன்றவில்லை. அவர்தான் எழுத மாட்டாரே. மூன்று மணிக்கு வந்து நானே எழுதிவிடலாம் என்று இருந்தேன்.

வியாழக்கிழமை வீட்டுக்கு வர மூன்றே முக்கால் ஆகிவிட்டது. வாசலிலேயே டீச்சர் காத்துக்கொண்டு நின்றார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடப் பார்த்தேன்.

"பயப்படாதம்மா. உள்ள வந்து பாரு. ரெண்டு மணிலேருந்து எழுதறார். நான் ஒரு எழுத்தும் சொல்லித் தரல."

அப்பா திரைமுன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வேர்வை. "இந்த விளையாட்டைப் பற்றி உங்கள் கருத்து?" என்ற கேள்விக்குக் கீழே, ஒன்றே முக்கால் மணி நேரமாக, ஒரு இடது கை ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தி எழுதியிருந்தது:

நல்லா இருக்கு. நாளைக்கும் வருவேன்.

நான்கு சொல். நான்கும் சரியான சொல். தண்ணீருக்குச் சாவி என்கிறவர், நினைத்ததை நினைத்தபடியே எழுதியிருந்தார். அனுப்புகிற பட்டன் பக்கம் விரல் போய்க்கொண்டிருந்தது.

"அப்பா, இருங்க," என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சூடாக இருந்தது, விரல்கள் இளகியிருந்தன. அதை என் கன்னத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். அவர் எழுதியதை ஒரு தாளில் பார்த்து எழுதி டீச்சரிடம் கொடுத்தேன். பிறகு அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். அழிக்க ஐந்து விநாடிகூட ஆகவில்லை.

குறை ஏதாவது எழுதலாம் என்று யோசித்தேன். நிழல், நனைவு, கத்தி. சொந்த வார்த்தையில் கேட்கிறார்கள், அது போதாது. எழுதினேன்: பிடிக்கவில்லை. இனி வரமாட்டேன்.

அப்பா அதைப் படித்தார். ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். பிறகு தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தார். வாய் கோணி, நாக்கு தேடி, இந்த முறை தேடியது கிடைத்துவிட்டது.

"பொய்," என்றார்.

"ஆமாம்ப்பா," என்றேன். அனுப்பினேன்.

மணி மூன்று ஐம்பது. வெள்ளரிக்காய் வந்து பலகையில் நின்றிருந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராக விழுந்துகொண்டிருந்தார்கள். அப்பா என் பக்கம் பார்க்காமல் கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டார். நான்கு மணி ஆகட்டும் என்று காத்திருந்தார்.